தி கேஸ்ட்லெஸ் கலெக்டிவ்

தி கேஸ்ட்லெஸ் கலெக்டிவ், கானா, ராக், ராப் ஆகிய மூன்றையும் ஒரே மேடையில் ஏற்றிச் சாதி ஒழிப்பைப் பாடுபொருளாகக் கொண்ட சென்னை இசைக்குழு. ஆவடியை அடுத்த கர்லபாக்கத்தில் பிறந்த திரைப்பட இயக்குநர் பா. இரஞ்சித்தின் நீலம் பண்பாட்டு மையமும், இசையமைப்பாளர் டென்மாவின் மெட்ராஸ் ரெக்கார்ட்ஸும் சேர்ந்து 2017இல் இதைத் தொடங்கின. பெயருக்கு மூலம் அயோத்திதாசப் பண்டிதர். ஒடுக்கப்பட்ட தம் மக்களைச் ‘சாதிபேதமற்ற தமிழர்’ என்றே குறிப்பிட வேண்டும் என்று 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் அவர் வலியுறுத்தினார்.

அதுவரை சென்னையில் ராக் என்றால் பெரும்பாலும் கல்லூரி விழாக்களில் ஆங்கிலத்தில் பாடும் இளைஞர் குழுக்கள்தான். விதிவிலக்காக, டென்மா முன்பே பாடகர் கபேர் வாசுகியோடு ‘குரங்கன்’ குழுவில் இயங்கித் தமிழில் பாடல்கள் செய்தவர். கானாவின் வழி வேறு. வடசென்னையின் சாவு வீடுகளிலும் தெருமுனைகளிலும் வளர்ந்த அதை இசையமைப்பாளர் தேவாவின் இசை 1990களில் திரையில் பரப்பியது. ஆனால் சினிமாவுக்குப் பிடித்தது அதன் தாளமும் கேலியும்தான், பாடியவர்களின் வாழ்க்கை அல்ல. இரஞ்சித்தின் ‘அட்டகத்தி’ (2012) படத்தில் கானா பாலா பாடிய பாடல்கள் பரவலாகக் கேட்கப்பட்டன. உண்மையில் சென்னையின் ‘அண்டர்கிரவுண்ட்’ இசை என்று சொல்லத்தக்கது கிதார் குழுக்களைவிடக் கானாதான்.

திறன் தேர்வு நடத்திக் குழுவில் 19 பேர் சேர்க்கப்பட்டனர். கானாப் பாடகர்களும் ராப் பாடகர்களும், பறை, சட்டி, கட்ட மோளம் அடிப்பவர்களும் டிரம்ஸ், எலெக்ட்ரிக் கிதார் கலைஞர்களும் அதில் இருந்தனர். அரக்கோணத்திலிருந்து வந்த அறிவு எழுதவும் பாடவும் செய்தார். ராயபுரத்தின் இசைவாணி குழுவின் ஒரே பெண் குரல்; ஆண்களே ஆண்டுவந்த கானாவில் அது சாதாரணச் செய்தி அல்ல.

முதல் கச்சேரி 2018 ஜனவரி 6 அன்று கீழ்ப்பாக்கம் சி.எஸ்.ஐ. பெய்ன்ஸ் பள்ளி மைதானத்தில் நடந்தது. ஆயிரக்கணக்கானோர் திரண்டனர். அம்பேத்கரை நினைவூட்டும் கோட்டு சூட்டில் குழுவினர் மேடையேறினர். இட ஒதுக்கீடு, மாட்டுக்கறி, ஆணவக்கொலை, மலக்குழி மரணம் என்று மேடைப் பேச்சுக்குரிய பொருள்கள் பாட்டாக வந்தன. மார்கழி சபாக்களில் கைகட்டிக் கேட்கும் நகரத்தில், இங்கே சட்டியும் பறையும் விழுந்ததும் கூட்டம் எழுந்து ஆடும். பாட்டுக்கிடையே ‘ஜெய் பீம்’ முழக்கம் எழும். கச்சேரி எது, பொதுக்கூட்டம் எது என்று பிரிப்பது கடினம். அதே ஆண்டு ‘மகிழ்ச்சி’ ஆல்பம் வெளியானது. இரஞ்சித்தின் ‘கபாலி’ படத்தில் ரஜினிகாந்த் சொல்லிப் புகழ்பெற்ற சொல்லே அதன் தலைப்பு. பாடல்கள் தெளிவாகப் பதிவாகியுள்ளன என்றாலும், இந்தக் குழுவின் பலம் ஒலிப்பதிவுக் கூடத்தில் இல்லை, மைதானத்தில்தான் இருக்கிறது.

பின்னர் உறுப்பினர்கள் தனித்தனியாகவும் வளர்ந்தனர். இசைத் தயாரிப்பாளர் ஆஃப்ரோவுடன் சேர்ந்து ‘தெருக்குரல்’ (2019) ஆல்பம் வெளியிட்ட அறிவு, 2021இல் ‘எஞ்சாயி எஞ்சாமி’ பாடலால் உலகறிந்தவரானார். இசைவாணி 2020இல் பிபிசியின் 100 பெண்கள் பட்டியலில் இடம்பெற்றார். டென்மா ‘இரண்டாம் உலகப்போரின் கடைசி குண்டு’, ‘நட்சத்திரம் நகர்கிறது’ படங்களுக்கு இசையமைத்தார். 2020 டிசம்பரில் நீலம் தொடங்கிய ‘மார்கழியில் மக்களிசை’ விழா, கானா, ஒப்பாரி, பறை, நாட்டுப்புறக் கலைஞர்களுக்குப் பெரிய மேடை அமைத்தது. அடுத்த ஆண்டு மதுரைக்கும் கோவைக்கும் சென்றது.

எதிர்ப்பும் வந்தது. பெண்களின் கோயில் நுழைவு உரிமை பற்றி 2018இல் குழு மேடையேற்றிய ‘ஐ ஆம் சாரி ஐயப்பா’ பாடலுக்காக, ஆறு ஆண்டுகள் கழித்து 2024 நவம்பரில் இசைவாணிமீது புகார்களும் மிரட்டல்களும் வந்தன. அந்தப் பாடல், எல்லா வயதுப் பெண்களும் சபரிமலைக் கோயிலுக்குள் செல்லலாம் என்ற உச்ச நீதிமன்றத் தீர்ப்புக்கு முந்தையது என்றும், பொதுவான வழிபாட்டு உரிமையையே பேசுகிறது என்றும் நீலம் பண்பாட்டு மையம் விளக்கம் அளித்தது.