வில்லியனூர்: படத்தில் இல்லாத தெரு

வில்லியனூர் தேய்ந்துவரும் ஊர் என்றால் அங்குள்ளோர் நகைப்பர். புதுச்சேரி நகரம் மேற்கே பரவப் பரவ, அவ்வூரில் மக்கள் பெருகியே வருகின்றனர். ஆயினும் நாம் பிறந்து வளர்ந்த ஊர் அந்தப் பெருக்கத்திற்குள்ளேயே மறைந்துகொண்டிருக்கிறது. ஓட்டு வீடுகளும், வழிப்போக்கர் படுத்துறங்கிய திண்ணைகளும் ஆண்டுக்கு ஆண்டு குறைகின்றன. எஞ்சியவற்றையேனும் படம்பிடித்து வைப்போம் என்று சென்ற தவக்காலத்தில் ஒரு காமிராவுடன் அங்குச் சென்றோம்.

பெரியவை எல்லாம் பத்திரமாகவே உள்ளன. 1877 இல் பிரான்சிலிருந்து வந்த லூர்தன்னை சுரூபத்தின் முன் இன்றும் கூட்டம் குறையவில்லை. திருக்காமீசுவரர் கோயில் தேரின் வடத்தை அன்று பிரெஞ்சு ஆளுநர் பிடித்தார். இன்று துணைநிலை ஆளுநர் பிடிக்கிறார். பாகூரில் 9ஆம் நூற்றாண்டில் ஒரு கல்விச்சாலைக்கு மூன்று ஊர்கள் கொடையளிக்கப்பட்ட செய்தியைப் பல்லவன் நிருபதுங்கவர்மனின் செப்பேடு காத்து வைத்திருக்கிறது. 1955 இல் புதுச்சேரியில் தோன்றிய பிரெஞ்சு ஆய்வு நிறுவனம், மறு ஆண்டிலிருந்தே தென்னகக் கோயில்களைப் படமெடுக்கத் தொடங்கி, ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட படங்களைச் சேர்த்தது. அரியலூர் மாவட்டத்துச் சிறீபுரந்தான் கோயிலிலிருந்து களவுபோன நடராசர் 2014 இல் ஆஸ்திரேலியாவிலிருந்து திரும்புவதற்கு, அந்நிறுவனத்தின் படம் முக்கியச் சான்றாயிற்று. ஒரு படம் ஒரு சிலையை வீடு சேர்த்திருக்கிறது!

எளியோர் வாழ்ந்த தெருக்களுக்கு இத்தகைய காவல் வாய்க்கவில்லை. பங்கின் திருமுழுக்குப் பதிவேட்டில் பெயர் உண்டு, பெற்றோர் பெயர் உண்டு, ஞானப்பெற்றோர் பெயரும் உண்டு, முகம் இல்லை. 1879 இல் விழுப்புரத்திலிருந்து புதுச்சேரிக்கு வில்லியனூர் வழியாக ரயில் வந்தது. அப்பாதைக்கு மண் சுமந்தவர்களின் முகத்தை யார் அறிவார்? திருவிழாத் தேர் நுழையாத தெருக்கள் நம் பங்குகள் பலவற்றில் இருந்தன. அவற்றைக் காமிராவும் எட்டிப் பார்க்கவில்லை. இதை மறைத்து எழுதும் பங்கு வரலாறு அரை வரலாறே.

ஏழை வீடுகளில் பலருக்கு முதற்படம் இறந்த அன்றே எடுக்கப்பட்டது. சடலத்தை நாற்காலியில் இருத்தி, மாலை சூட்டி, உறவினர் சூழ நின்று எடுத்த படம். நம் பாட்டியாருக்கும் அது ஒன்றுதான். திருவுருவத்துக்குச் செலுத்தும் வணக்கம் அவ்வுருவுக்கு உரியவரையே சேரும் என 787 இல் நீசேயாவில் கூடிய பொதுச்சங்கம் கற்பித்ததைக் குருமடத்தில் மனனம் செய்திருந்தோம். எம் அத்தை அப்படத்தைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டதைக் கண்ட பிறகே அப்பாடம் நமக்கு விளங்கிற்று.

நாம் பிறந்த வீடு கைமாறி நெடுநாளாயிற்று. அன்று போய்ப் பார்த்தபோது அது இருந்த இடத்தில் செங்கல் குவியல் கிடந்தது. வாசற்படிக் கல் மட்டும் பெயர்க்கப்படாமல் இருந்தது. அதைப் படமெடுத்தோம். எதிர்வீட்டுத் திண்ணையிலிருந்த மூதாட்டி, "இடிச்சப்புறம் வந்திருக்கீங்களே சாமி," என்றார். தலையை ஒதுக்கி, முந்தானையைச் சரிசெய்துகொண்டு, "என்னை இப்பவே ஒண்ணு எடுத்துடுங்க. செத்த பொறவு எடுத்தா நான் எங்க பாக்கப்போறேன்?" என்றும் சொன்னார்.

எடுத்தோம். அடுத்த வாரமே பெரிதாக அச்சிட்டுக் கொண்டுபோய்க் கொடுத்தோம். வெளிச்சத்தில் பிடித்து வெகுநேரம் பார்த்தவர், திண்ணைத் தூண் பாதிதான் விழுந்திருக்கிறது என்று குறைப்பட்டுக்கொண்டார்.