மறைந்த கல்லும் நிலைத்த நிழற்படமும்

நடுச் சாவகத்தின் போரோபுதூர்ப் பௌத்தப் பேராலயத்தை நம்மில் பலர் நேரில் கண்டிருப்போம். ஆயினும் அதன் அடித்தளத்தைச் சூழ்ந்துள்ள 160 புடைப்புச் சிற்பங்களை நாம் முழுமையாகக் கண்டதில்லை. அவை கற்கட்டுமானத்தின் பின்னே மறைந்துள்ளன. அவற்றை இன்று நாம் அறிவது பெரும்பாலும் நிழற்படங்களின் வழியாகவே.

இவ்வாலயத்தைப் படமெடுக்கும் முயற்சி 1845-இலேயே தொடங்கியது. அடோல்ஃப் ஷேஃபர் வெள்ளி பூசிய செப்புத் தகடுகளில் அதனைப் பதித்தார். ஒரு தகட்டில் ஒரு படமே. அதிலிருந்து படிகள் எடுக்க இயலாது. 1873-இல் இசிடோர் வான் கின்ஸ்பெர்கன் கண்ணாடித் தகடுகளைப் பயன்படுத்தினார். ஒரே தகட்டிலிருந்து பல படிகள் கிடைத்தமையால் தொலைவிலிருந்த அறிஞரும் சிற்பங்களை ஆராய வழி பிறந்தது. எனினும், அவ்விருவர் காலத்திலும் மறைந்த சிற்பங்கள் அறியப்படவில்லை.

1885-இல் ஐசர்மன் என்னும் டச்சுப் பொறியாளர் அவற்றைக் கண்டறிந்தார். 1890, 1891 ஆகிய ஆண்டுகளில் கற்கள் பகுதி பகுதியாக அகற்றப்பட்டுச் சிற்பங்கள் படமெடுக்கப்பட்டன. பின்னர்க் கற்கள் மீண்டும் அடுக்கப்பட்டன. படமெடுத்தவர் காசியன் செபாஸ். ஷேஃபர் தம் தகடுகளைப் பதித்த அதே 1845-இல் யோக்யகார்த்தாவில் பிறந்த சாவகர் அவர். சுல்தானின் அரண்மனை நிழற்படக் கலைஞராகவும் விளங்கியவர்.

அப்படங்கள் நமக்குக் காட்டுவன எவை? வினையும் அதன் பயனும் அங்கே அடுத்தடுத்து நிற்கின்றன. மீனையும் ஆமையையும் கொப்பரையில் வேகவைப்போர் நரகத்தில் அவ்வாறே வேகின்றனர். செதுக்கி முடிக்கப்படாத பலகைகளும் உள்ளன. சிலவற்றின் மேல், சிற்பிகளுக்குக் குறிப்பாகப் பொறித்த சிறு சொற்கள் அழியாதிருக்கின்றன. 'விரூப', 'சுவர்க்க' என்பன அவற்றுள் அடங்கும். தமிழ் கற்போர்க்கும் இவை அயலான சொற்கள் அல்ல. அவ்வெழுத்துகளின் வடிவமே ஆலயத்தின் காலத்தை 9-ஆம் நூற்றாண்டையொட்டிக் கணிக்க அறிஞர்க்குத் துணைநின்றது.

பிற்காலத்தில் தென்கிழக்கு மூலையில் சில பலகைகள் மட்டும் மீண்டும் திறக்கப்பட்டன. அங்கே நாம் கல்லையும் படத்தையும் ஒப்புநோக்கலாம். ஏனையவற்றுக்குப் படமே சான்று. எனவே, பழைய நிழற்படத்தைப் பாடநூலின் அணியாக மட்டும் கருதுதல் தகாது. எடுத்தவர் யார், எந்த ஆண்டில், எதற்காக எடுத்தார் என்று கல்வெட்டைக் கேட்பதுபோல் படத்தையும் கேட்க மாணவரைப் பழக்குவோம். கல் மூடப்பட்ட இடத்தில் வரலாறு மூடப்படாதிருப்பது, செபாஸ் ஆற்றிய பணியினால் அன்றோ!