386ல் பிறந்த லினக்ஸ், 386ஐ கைவிட்ட கதை

லினக்ஸ் கெர்னலை ஒரு தடவையாவது சொந்தமா கம்பைல் செய்து பார்த்தவர்களுக்கு அந்தக் கேள்விப் பட்டியல் ஞாபகம் இருக்கும். உன் ப்ராசசர் என்ன? கோப்ராசசர் இருக்கா? எந்த நெட்வொர்க் கார்டு? ஸ்கஸி வேணுமா? விசா விண்ணப்பத்தையே எரிச்சல்படாம நிரப்பினவன் நான், ஆனா இது அதையும் மிஞ்சும். ஒவ்வொண்ணுக்கும் 'ஆமாம்', 'வேண்டாம்', 'மாட்யூலா வச்சுக்கோ' என்று மூன்றில் ஒன்றைச் சொல்லிக்கிட்டே போகணும்.

சமீபத்தில் ஒரு பழைய மெஷினுக்காக இந்தப் பட்டியலை வரிவரியா படிக்க வேண்டி வந்தது. படிக்கப் படிக்க அதுவே ஒரு வரலாற்றுப் புத்தகம் மாதிரி தெரிய ஆரம்பித்துவிட்டது. ஒவ்வொரு கேள்விக்குப் பின்னாலும் எப்பவோ யாரோ ஒருத்தர், "என் மெஷின்ல ஓடலையே" என்று சொல்லியிருக்கிறார். அந்தக் கதையைத்தான் சொல்லப் போறேன். கொஞ்சம் நீளம், பொறுத்துக்கோங்க :-)

1991 ஜனவரி. ஹெல்சிங்கியில் லைனஸ் டோர்வால்ட்ஸ் என்ற 21 வயசு மாணவர் தவணை முறையில் ஒரு கம்ப்யூட்டர் வாங்கினார். இன்டெல் 386 ப்ராசசர், 33 மெகாஹெர்ட்ஸ், 4 மெகாபைட் நினைவகம். அந்த ஆகஸ்ட் 25ஆம் தேதி மினிக்ஸ் செய்திக்குழுவில் அவர் போட்ட அறிவிப்பு ரொம்பப் பிரபலம். பொழுதுபோக்குக்காக ஒரு ஆபரேட்டிங் சிஸ்டம் எழுதுறேன் என்று சொல்லிவிட்டு, இது 386ஐ விட்டு வேற எதுக்கும் நகராது, ஏடி வகை ஹார்ட் டிஸ்க் தவிர வேற எதையும் அனேகமா எப்பவும் ஆதரிக்காது என்றும் சேர்த்துக்கொண்டார். இன்னிக்கு செல்போன்லயிருந்து சூப்பர் கம்ப்யூட்டர் வரைக்கும் ஓடுது. ஜோசியம் சொல்றதுல அவர் அவ்வளவு தேறமாட்டார்.

செப்டம்பரில் வந்த 0.01ல் மெனுவும் கிடையாது, கேள்வியும் கிடையாது. கான்ஃபிகர் செய்யணும்னா ஒரு சின்ன ஹெட்டர் ஃபைலை எடிட்டரில் திறக்கணும். அதில் இரண்டே இரண்டு மெஷின்களின் விவரம் இருக்கும். ஒன்று லைனஸோட டிஸ்க், 8 மெகாபைட் நினைவகம் (அதுக்குள்ள 4ஐ 8 ஆக்கியிருந்தார் போல). இன்னொன்று இன்னொருத்தருடையது, 4 மெகாபைட். மூணாவது ஆளா நீங்க வந்தா உங்க டிஸ்க்ல எத்தனை சிலிண்டர், எத்தனை ஹெட், எத்தனை செக்டர் என்று நீங்களே எண்களைத் தட்டி கம்பைல் செய்துக்கணும். கீபோர்டு? ஃபின்லாந்து கீபோர்டுதான். வேற நாட்டுக்காரங்க சமாளிச்சுக்கோங்க!

அந்த வருஷக் கடைசியில் நடந்தது எனக்கு ரொம்பப் பிடிச்ச கதை. ஜெர்மனியில் ஒருத்தரிடம் 2 மெகாபைட் நினைவகம் மட்டுமே இருந்த ஒரு மெஷின். ஜிசிசி கம்பைலர் அதில் அடங்கலை. சின்னதா வேற கம்பைலர் எதையாவது பயன்படுத்த முடியுமா என்று கேட்டார். லைனஸிடம் தேவையான நினைவகம் இருந்தது, அவருக்கு இது பிரச்சினையே இல்லை. ஆனாலும் கிறிஸ்துமஸ் சமயத்தில் உட்கார்ந்து, நினைவகம் போதாதபோது பக்கங்களை டிஸ்கில் ஒதுக்கிவைக்கிற வசதியை எழுதிவிட்டார். 1992 ஜனவரியில் 0.12 அதோடதான் வந்தது. அந்த வசதி மினிக்ஸில் அப்போ கிடையாது. யோசிச்சுப் பாருங்க, லினக்ஸை விளையாட்டு சாமான் நிலையிலிருந்து தூக்கிவிட்ட வசதிகளில் ஒன்று, இருப்பதிலேயே நோஞ்சான் மெஷின் வைத்திருந்த ஒருத்தருக்காக எழுதப்பட்டது.

அதுக்கப்புறம் ஆட்கள் சேரச் சேர கேள்விகளும் சேர்ந்தன. உதாரணமா கோப்ராசசர் கேள்வி. 386லயும் 486எஸ்எக்ஸ்லயும் தசமக் கணக்கு போடுற பகுதி கிடையாது, அதுக்குத் தனியா 387, 487 என்று சிப் வாங்கணும். காசில்லாதவன் என்ன செய்வான்? அந்த சிப் செய்கிற வேலையை மென்பொருளிலேயே செய்துகாட்டுகிற எமுலேட்டரை ஆஸ்திரேலியாவிலிருந்து பில் மெட்சென்டன் என்பவர் எழுதிக் கொடுத்தார். அந்தக் கேள்விக்கான உதவிக் குறிப்பில், சந்தேகமா இருந்தா ஆமாம்னு சொல்லு, கெர்னல் 66 கிலோபைட் பெருக்கும், வேற கெடுதல் இல்லை என்கிற மாதிரி எழுதியிருக்கும். 66 கிலோபைட்டை ஒரு விஷயமா எழுதிவைத்த காலம்!

இன்னொண்ணு கொஞ்சம் டெக்னிக்கல், ஆனா கதையின் முடிச்சே அங்கதான் இருக்கு. லினக்ஸில் ஒரு ப்ராசஸ் தன்னை இரண்டாக்கிக்கொண்டால், இரண்டும் ஒரே நினைவகப் பக்கங்களைப் பகிர்ந்துகொள்ளும். 'எழுதக்கூடாது' என்று அந்தப் பக்கங்களில் முத்திரை குத்தியிருக்கும். யாராவது எழுதப் போனால் ப்ராசசர் தடுத்து நிறுத்தி கெர்னலைக் கூப்பிடும், கெர்னல் தனிப் பிரதி எடுத்துக் கொடுக்கும். 386ல் என்ன கோளாறுன்னா, எழுதப் போறது கெர்னலே என்றால் அந்த முத்திரையை ப்ராசசர் மதிக்காது! பிரதி எடுக்காமலே அடுத்தவன் பக்கத்தில் எழுதிவிடும். 486ல்தான் இன்டெல் இதைச் சரிசெய்தது. அதனால 386க்கு மட்டும், கெர்னல் எழுதறதுக்கு முன்னாடி ஒவ்வொரு பக்கத்தையும் தானே சோதிச்சுக்கணும். பழைய கெர்னல்கள் பூட் ஆகும்போது "இந்த ப்ராசசர் முத்திரையை மதிக்குதா பார்க்கிறேன்... சரி" என்ற அர்த்தத்தில் ஒரு வரி ஓடுமே, அது இதுதான். 486க்கு கம்பைல் செய்ததை 386ல் போட்டால், 386க்கு மறுபடி கம்பைல் பண்ணிட்டு வா என்று திட்டிவிட்டு நின்றுவிடும்.

நான் பட்டியலைப் படிக்க நேர்ந்தது ஒரு 486எஸ்எக்ஸ் பெட்டிக்காக. 25 மெகாஹெர்ட்ஸ், 8 மெகாபைட். இதுல புதுக் கெர்னலை முயற்சி செய்வது வீண், 2.4தான் சரின்னு முடிவு செய்தேன். 2.4 வந்தது 2001ல். இப்போதைய ஜிசிசிக்கு அந்தக் காலத்து சோர்ஸ் புரியாது, அதனால் வர்ச்சுவல் மெஷினில் ஒரு பழைய டெபியனைப் போட்டு, ஜிசிசி 2.95ஐ வைத்து அங்கேயே கம்பைல் செய்தேன். ப்ராசசர் 486. எமுலேட்டர் ஆமாம் (இல்லைன்னு சொல்லியிருந்தா கோப்ராசசரும் இல்லை எமுலேட்டரும் இல்லை, நான் கிளம்பறேன்னு பூட்லயே படுத்திருக்கும்). ஐடிஇ ஆமாம். ஸ்கஸி, யுஎஸ்பி, சவுண்ட் எல்லாம் வேண்டாம். ஐஎஸ்ஏ நெட்வொர்க் கார்டு ஆமாம். மாட்யூல் வசதியே வேண்டாம், தேவையானது எல்லாம் உள்ளேயே. 8 மெகாபைட்டில் ஒவ்வொரு 'வேண்டாம்'முக்கும் மதிப்பு உண்டு. கெர்னல் ஸ்வாப் செய்யப்படாது, அது பிடிச்ச இடம் பிடிச்சதுதான். பெட்டி பூட் ஆகி லாகின் கேட்டப்போ ராத்திரி ஒரு மணி. ரூம்மேட் எழுந்து ஒரு மாதிரி பார்த்தான்.

இந்தக் கேள்விகளை யார் பதில் சொல்றதுக்காக வச்சிருக்காங்க என்பதிலும் ஒரு பெரிய சண்டை நடந்திருக்கிறது. எரிக் ரேமண்ட் 2000ல் சிஎம்எல்2 என்ற புது கான்ஃபிகர் முறையைக் கொண்டுவந்தார். பைத்தானில் எழுதப்பட்டது. மெஷினில் என்ன இருக்குன்னு தானே கண்டுபிடிச்சு பதில் சொல்லிக்கொள்ளும் கருவியும் வேணும் என்றார். கம்ப்யூட்டர் தெரியாத 'டில்லி அத்தை' கூட கெர்னல் கம்பைல் செய்ய முடியணும் என்பது 2002 ஜனவரியில் அவர் வைத்த வாதம். மற்றவர்கள் பிய்த்து எடுத்துவிட்டார்கள். டில்லி அத்தை எதுக்கய்யா கெர்னல் கம்பைல் செய்யணும், அதை டிஸ்ட்ரிப்யூஷன்காரன் பார்த்துப்பான்னு. கடைசியில் சிஎம்எல்2 உள்ளே போகவே இல்லை. 2002 கடைசியில் 2.5.45ல் ரோமன் சிப்பல் எழுதிய முறை சேர்க்கப்பட்டது. இன்னிக்கும் அதன் வாரிசுதான் ஓடுது.

எனக்கு இதில் ரேமண்ட் பக்கம்தான் கொஞ்சம் அனுதாபம். டிஸ்ட்ரிப்யூஷன்காரன் பார்த்துப்பான் என்பது புது மெஷின் வைத்திருப்பவர்களுக்குச் சரி. டெபியன் 2005லேயே, 3.1 வெளியீட்டோடு, உண்மையான 386ஐ விட்டுவிட்டது. அதுக்கப்புறம் பழைய மெஷின்காரனுக்கு அந்தக் கேள்விப் பட்டியல்தான் துணை. 2009ல் ஸ்டீவன் ராஸ்டட் ஒரு குறுக்குவழி கொடுத்தார். இப்போ ஏற்றியிருக்கிற மாட்யூல்களைப் பார்த்து, மீதியை அணைத்துவிடும். நல்ல வசதி, ஆனா அதுக்கு ஏற்கனவே லினக்ஸ் அந்த மெஷினில் ஓடிக்கொண்டிருக்கணும்!

சரி, 386க்கு வருவோம். நினைவகத்தில் ஒரு மதிப்பை ஒப்பிட்டு, அதே மூச்சில் மாற்றுகிற கட்டளை ஒன்று 486ல் வந்தது. பல ப்ராசசர் மெஷின்களில் பூட்டு போடுவதெல்லாம் இப்படிப்பட்ட கட்டளைகளை நம்பித்தான். 386க்கு அது கிடையாது, இன்டரப்டை அணைத்துவிட்டு அந்தக் கட்டளையைப் போலி செய்யணும். பூட்டு சம்பந்தமா எதை மாற்றினாலும் "386ல என்ன ஆகும்?" என்று ஒருத்தர் உட்கார்ந்து யோசிக்கணும். இன்டெல் 386 தயாரிப்பையே 2007ல் நிறுத்திவிட்டது. 2012 டிசம்பரில் இங்கோ மோல்னார் 386 ஆதரவை நீக்கும் மாற்றங்களை அனுப்பினார். 1991ல் நீங்க வாங்கின அந்த 386ல் இனி புதுக் கெர்னல் பூட் ஆகாது என்று லைனஸுக்குக் கொஞ்சம் கண்ணீரோடு ஒரு குறிப்பு வேற. லைனஸ் எனக்கு அப்படியெல்லாம் உணர்ச்சி கிடையாது, தொலையட்டும் என்ற பாணியில் ஏற்றுக்கொண்டார். 2013 பிப்ரவரியில் வந்த 3.8ல் 386 இல்லை.

கல்நெஞ்சக்காரர் என்று தோணலாம். எனக்கு அப்படித் தோணலை. 1991ல் ஜெர்மனிக்காரர் கேட்டார், லைனஸ் எழுதினார். 2012ல், புதுக் கெர்னலை 386ல் ஓட்டிப் பார்த்து "இங்க உடையுது" என்று சொல்ல ஆள் கிடையாது. சோதிக்க ஆள் இல்லாத கோட், இருக்கிற மாதிரி தெரியும், வேலை செய்யுதான்னு யாருக்கும் தெரியாது.

486க்கும் இதேதான். மியூசியத்தில் இருக்க வேண்டிய மெஷின்கள், மியூசியம் கெர்னலையே ஓட்டட்டும் என்கிற மாதிரி 2022 அக்டோபரில் லைனஸ் எழுதினார். 2025 ஏப்ரலில் அதே இங்கோ மோல்னார் 486ஐயும் ஆரம்பகால 586 சிலதையும் நீக்கும் பேட்ச் தொடரை அனுப்பினார். மொத்தம் 14,000 வரிகளுக்கு மேல் வெட்டு. அதில் பெரும்பகுதி, மெட்சென்டன் எழுதிய அந்த கோப்ராசசர் எமுலேட்டர். 2025 ஆகஸ்டில் வந்த டெபியன் 13ல் 32 பிட் பிசிக்கான கெர்னலும் இன்ஸ்டாலரும் கிடையாது. ஆனா அந்த 32 பிட் பிரிவுக்கு டெபியனில் பெயர் மட்டும் இன்னும் ஐ386தான்.