பாரிஸ் புறநகரில் தமிழ்ப் பிள்ளைகள்: பெற்றோரின் இணக்கமும் குழந்தையின் பேச்சும்

பிரான்ஸ் தலைநகர் பாரிஸின் வடக்கு எல்லையை அடுத்துள்ள ஒபர்வில்லியே நகரில் வாழும் இலங்கைத் தமிழ்க் குடும்பங்கள் பலவற்றில், தாயும் தந்தையும் ஒரே நேரத்தில் வீட்டில் விழித்திருக்கும் பொழுது மிகக் குறைவு. தந்தை உணவகச் சமையலறையில் பணிபுரிபவர் என்றால், மதியம் ஒரு வேலை, இரவு மறு வேலை என அவரது நாள் இரண்டாக உடைந்துவிடும். கடைசி மெட்ரோவில் அவர் வீடு திரும்பும்போது பிள்ளை உறங்கியிருக்கும். தாய் அலுவலகங்களைத் துப்புரவு செய்பவர் என்றால், விடிவதற்கு முன்பே புறப்பட வேண்டியிருக்கும். பிள்ளையை ஒருவர் கையிலிருந்து மற்றவர் கைக்கு மாற்றும் வாசற்படிச் சந்திப்பே பல நாட்களில் கணவன் மனைவியின் முழு உரையாடலாக அமைந்துவிடுகிறது.

இந்த வாழ்க்கை முறை ஆறு வயதுக்கு உட்பட்ட ஒரு குழந்தையின் வளர்ச்சியை எவ்வாறு பாதிக்கிறது என்று கேட்டால், பெற்றோர் போதிய நேரம் ஒதுக்குவதில்லை என்ற விடையே வழக்கமாகக் கிடைக்கிறது. அது பாதி விடைதான். கடந்த சில தசாப்தங்களில் வெளிவந்த ஆய்வுகள், பிள்ளை தொடர்பான விடயங்களில் பெற்றோர் இருவரும் ஒருவரோடு ஒருவர் எவ்வாறு நடந்துகொள்கிறார்கள் என்பதையும் அளந்து பார்க்கின்றன.

மூவர் விளையாட்டு

சுவிட்சர்லாந்தின் லொசான் நகரில் எலிசபெத் ஃபிவாஸ்-தெப்பர்சாஞ், அந்துவானெத் கோர்போ-வார்னரி ஆகிய ஆய்வாளர்கள் ஓர் எளிய விளையாட்டின் மூலம் இதை அவதானித்தனர். முதலில் பெற்றோரில் ஒருவர் குழந்தையுடன் விளையாட மற்றவர் பார்த்துக்கொண்டிருப்பார். பின்னர் இருவரும் இடம் மாறுவர். அடுத்து மூவரும் சேர்ந்து விளையாடுவர். இறுதியில் பெற்றோர் தமக்குள் பேசிக்கொள்ள, குழந்தை பார்த்துக்கொண்டிருக்கும். சில மாதங்களே ஆன சிசுக்கள் கூட ஒருவர் முகத்திலிருந்து மற்றவர் முகத்துக்குப் பார்வையைத் திருப்பித் தமது மகிழ்ச்சியையும் அதிருப்தியையும் இருவருடனும் பகிர முயல்வதை இவர்கள் பதிவு செய்தனர். 1999ஆம் ஆண்டில் நூலாக வெளிவந்த இந்த ஆய்வு, தாய்-சேய் உறவையே மையமாகக் கொண்டிருந்த உளவியல் சிந்தனையை மூன்றாவது நபரின் பக்கமும் திருப்பியது.

அமெரிக்க உளவியலாளர் ஜேம்ஸ் மக்ஹேல் போன்றோர் இதனை மேலும் விரிவுபடுத்தினர். கணவன் மனைவியாக அடிக்கடி பிணங்குபவர்கள் பிள்ளை விடயத்தில் ஒருவருக்கொருவர் துணை நிற்கக்கூடும். மாறாக, வெளியே சுமுகமாகத் தோன்றும் தம்பதியரில் ஒருவர் இட்ட கட்டளையை மற்றவர் பிள்ளையின் முன்பாகவே தள்ளுபடி செய்யக்கூடும். இந்த இரண்டாவது நிலைமைக்கும், பாலர் வயதில் காணப்படும் பதற்றம், முரட்டுத்தனம், கவனச் சிதறல் ஆகியவற்றுக்கும் தொடர்பு இருப்பதாக ஆய்வுகள் கூறுகின்றன. இது மிதமான தொடர்புதான் என்பதையும் சொல்ல வேண்டும். ஒற்றை அறை வீடும் வதிவிட அனுமதி பற்றிய அச்சமும் கூடப் பிள்ளையின் மீது விழும் சுமைகளே.

பிள்ளை வளர்ப்பில் இணைபவர்கள் தாயும் தந்தையுமாகவே இருக்க வேண்டியதில்லை என்பதையும் மக்ஹேல் வலியுறுத்துகிறார். யாழ்ப்பாணத்தவருக்கு இது புதிய செய்தி அல்ல. பெண்ணுக்கு வீடு சீதனமாகக் கொடுக்கப்படும் வழக்கம் உள்ள அங்கே, அம்மம்மாவும் சித்தியும் கூப்பிடு தூரத்தில் இருந்தார்கள். தாய் சலித்தால் தூக்க ஒரு கை இருந்தது. தந்தை அதட்டினால் தடுக்க ஒரு குரல் இருந்தது. 1983 ஜூலை வன்செயல்களுக்குப் பின்னர் பிரான்ஸ் வந்து சேர்ந்தவர்களில் பலர் தனியாக வந்த ஆண்கள். மனைவியர் பின்னர் வந்தனர். ஒரு பெரிய குடும்பம் பகிர்ந்து செய்த வேலை, அதுவரை தனியாகச் சேர்ந்து வாழ்ந்து பழகாத இருவரின் மீது விழுந்தது. இன்று அம்மம்மா கைத்தொலைபேசித் திரையில் வருகிறார். அவரால் கதை சொல்ல முடியும், பிள்ளையைத் தூக்க முடியாது.

இங்கு இன்னொரு சிக்கலும் உண்டு. முன்னரே வந்த தந்தைக்குச் சமையலறையில் கற்ற பிரெஞ்சும் அலுவலக நடைமுறைகளும் தெரியும். ஆனால் அவர் பிள்ளையைக் குறைவாகவே காண்கிறார். பிள்ளையை நாள்தோறும் காணும் தாயினால் ஆசிரியையுடன் பேச முடிவதில்லை. பள்ளி கூறுவது தந்தையிடமும், பிள்ளை கூறுவது தாயிடமும் தங்கிவிடுகின்றன. இவ்விரு செய்திகளும் சந்திக்கும் ஒரே இடம் பெற்றோரின் பேச்சுதான். அது வாசற்படியில் முடிந்துவிடும்போது மூத்த பிள்ளை மொழிபெயர்ப்பாளர் ஆகிறது. தன்னைப் பற்றிய முறைப்பாட்டையும் தானே மொழிபெயர்க்க வேண்டிய பிள்ளைகளும் உண்டு.

மௌனம் நோயா?

பிரான்சில் 2019ஆம் ஆண்டு செப்டம்பர் முதல் மூன்று வயதிலிருந்தே கல்வி கட்டாயம். மூன்று வயதில் 'மத்தர்னல்' எனப்படும் பாலர் பள்ளியில் சேரும் தமிழ்ப் பிள்ளை, வீட்டில் ஓயாது பேசினாலும் வகுப்பில் மாதக்கணக்கில் வாய் திறக்காமல் இருக்கக்கூடும். ஆசிரியை அதனை மொழி வளர்ச்சிக் குறைபாடு எனக் கருதவும், பெற்றோர் பயந்துபோய்த் தமது அரைகுறைப் பிரெஞ்சில் பிள்ளையுடன் பேசத் தொடங்கவும் இடமுண்டு. கொஞ்சவும் கண்டிக்கவும் கதை சொல்லவும் அவர்களுக்குக் கைவந்த மொழி தமிழ்தான். அதனை நிறுத்தினால் வீட்டில் பேச்சே குறைந்துவிடுகிறது.

இந்த அச்சத்தை அரசியலும் வளர்த்தது. நாடாளுமன்ற உறுப்பினர் ஜாக்-அலன் பெனிஸ்தி தலைமையில் குற்றத் தடுப்புப் பற்றி ஆராய்ந்த குழு, 2004ஆம் ஆண்டு தனது முதற்கட்ட அறிக்கையில், வெளிநாட்டுத் தாய்மார் வீட்டில் பிரெஞ்சில் பேச வேண்டும் என்றது. தாய்மொழியில் பேசுவதைப் பிற்காலக் குற்றச் செயல்களுடன் முடிச்சுப் போட்ட அந்த வாதம் மொழியியலாளர்களின் கடும் கண்டனத்துக்கு உள்ளானது. இறுதி அறிக்கையில் அது மென்மையாக்கப்பட்டது. ஆனால் அறிக்கை மாறிய வேகத்தில் மனப்பான்மை மாறவில்லை.

ஒபர்வில்லியேக்கு அண்மையிலுள்ள பொபினி நகரின் அவிசென் மருத்துவமனை வேறு திசையில் சென்றது. குழந்தை மனநல மருத்துவர் மரி ரோஸ் மொரோவுடன் இணைந்து பணியாற்றிய குழுவினர் அங்கே 'எலால்' என்ற சுருக்கப் பெயர் கொண்ட மதிப்பீட்டு முறையை உருவாக்கினர். பிள்ளை தனது தாய்மொழியில் எவ்வளவு புரிந்துகொள்கிறது, எவ்வளவு பேசுகிறது, எவ்வாறு கதை சொல்கிறது என்பதை அது அளவிடுகிறது. இந்த முறை பரிசோதிக்கப்பட்ட மொழிகளில் தமிழும் ஒன்று. பிரெஞ்சில் மௌனமாக இருக்கும் பிள்ளை தமிழில் வயதுக்கேற்பக் கதை சொல்கிறதா, அன்றித் தமிழிலும் தடுமாறுகிறதா என்பது தெரியாமல் குறைபாடு பற்றி முடிவு கூற இயலாது. தடுமாற்றம் இரு மொழிகளிலும் இருந்தால் சிகிச்சை தாமதமாகக் கூடாது என்பதும் இதே அளவு முக்கியமானது.

வீட்டு உலகிலிருந்து பள்ளி உலகுக்குக் கடக்கும் காலம் குடியேறியவர்களின் பிள்ளைகளுக்கு ஆபத்தான ஒரு கட்டம் என்கிறார் மொரோ. இரண்டு உலகங்களையும் பெற்றோர் இருவரும் ஏற்றுக்கொள்கிறார்கள் என்று பிள்ளை உணர்ந்தால் அந்தக் கடப்பு எளிதாகிறது. தந்தை தமிழைப் பயனற்றது என்றும் தாய் பள்ளியை அந்நியமானது என்றும் கருதும் வீட்டில், பிள்ளை எந்த மொழியில் பேசினாலும் ஒருவரைக் கைவிட்டதாகிறது. தமிழ்ப் பள்ளித் தேர்வுப் புள்ளிகளை லாச்சப்பல் கடை வாசல்களில் பெருமையுடன் ஒப்பிடும் நாம், அதே பிள்ளையுடன் அன்று எத்தனை வாக்கியங்கள் பேசினோம் என்று கணக்கிடுவதில்லை.

அரசின் ஏற்பாடுகள் இல்லாமல் இல்லை. 1945ஆம் ஆண்டு முதல் இயங்கும் தாய் சேய் நல நிலையங்கள் ஆறு வயது வரையான பிள்ளைகளைக் கட்டணமின்றிப் பார்க்கின்றன. தந்தையருக்கான மகப்பேற்று விடுப்பு 2021 ஜூலையில் 28 நாட்களாக உயர்த்தப்பட்டது. ஆயினும் பதிவின்றி வேலை செய்பவருக்கு இந்த விடுப்பு எட்டாது.

பாரிஸ் உணவகங்களில் கணிசமானவை திங்கட்கிழமைகளில் மூடியிருக்கும். தந்தை வீட்டில் இருக்கும் அந்த ஒரு நாளில் பிள்ளை மாலை நாலரை மணி வரை பள்ளியில் இருக்கும். பள்ளி வாசலுக்கு அன்று இருவரும் சேர்ந்து போகிறார்களா என்பதை ஆசிரியைகள் கவனிக்கிறார்கள். பிள்ளையும் கவனிக்கிறது.