மாளிகை, மடம், விடுதி

பழைய கோட்டைகளையும் மடங்களையும் விடுதிகளாக்கி நடத்துவதில் ஸ்பானிய அரசுக்கு நீண்ட அனுபவமுண்டு. 'பரடோர்' எனப்படும் இவ்விடுதிகளில் முதலாவது 1928இல் திறக்கப்பட்டது. கிரனாடாவில், அல்ஹம்ராவின் மதிலுக்குள்ளேயே ஒரு பரடோர் இருக்கிறது. அங்கு தங்க வாய்ப்புக் கிடைப்பவர்கள் அதன் பூர்வீகத்தையும் அறிந்துகொண்டு செல்வது நல்லது.

அது முதலில் நஸ்ரிய மன்னர்களின் மாளிகை. அல்ஹம்ராவுக்கு நீர் கொண்டுவந்த அரச வாய்க்கால் அதனூடாகவே ஓடியது. 1492 ஜனவரி 2ஆம் திகதி கடைசி மன்னர் அபூ அப்தில்லாஹ் நகரைக் கையளித்தார். முஸ்லிம்களின் மார்க்கத்துக்கும் பள்ளிவாசல்களுக்கும் உடன்படிக்கையில் உத்தரவாதம் தரப்பட்டிருந்தது. மாளிகையோ பிரான்சிஸ்கன் துறவிகளின் மடமாயிற்று. சில ஆண்டுகளில் கிரனாடாவில் அறபு நூல்களைக் குவித்து எரிக்கச் செய்த பேராயர் சிஸ்னெரோஸும் அதே சபையைச் சேர்ந்தவர்தான். மருத்துவ நூல்களை மட்டும் ஒதுக்கி வைத்துக்கொண்டாராம்! 1502இல், மதம் மாறு அல்லது வெளியேறு என்று கட்டளை வந்தது. உடன்படிக்கை பத்தாண்டுகளே தாக்குப்பிடித்தது.

1504இல் இறந்த இஸபெல்லா ராணி, தன் விருப்பப்படி அம்மடத்தில்தான் அடக்கப்பட்டார். அடக்கிய இடம், நஸ்ரியர் கட்டிய மண்டபத்தின் சுண்ணச் சிற்பக் கூரைக்குக் கீழே. 1521இல் உடல் நகரின் அரச தேவாலயத்துக்கு மாற்றப்பட்டது.

19ஆம் நூற்றாண்டில் துறவிகள் வெளியேற்றப்பட, கட்டடம் பாழடைந்தது. 1920களின் பிற்பகுதியில் டொர்ரஸ் பல்பாஸ் என்ற கட்டடக் கலைஞர் அதைத் திருத்தினார். 1945இல் விடுதி திறக்கப்பட்டது. விடுதியானதை நான் குறைசொல்லமாட்டேன். ஆள் புழங்கினால்தான் கூரை நிற்கும். ராணியின் நினைவுக்கல் இன்றும் தரையில் இருக்கிறது. அதைக் குனிந்து படிப்பவர், நஸ்ரியரின் வேலைப்பாட்டைக் காணத் தலையை நிமிர்த்தவேண்டும்.