குகையிற் பிறந்த சொல்



'குறொட்டெஸ்க்' என்பது ஆங்கில நூல்களிற் பயிலும் ஒரு சொல். இயல்பு திரிந்து, நகைப்பையும் அருவருப்பையும் ஒருங்கே விளைவிக்கும் உருவத்தை அது இன்று குறிக்கும். தமிழிற் பெயர்ப்போர் 'விகாரம்' என்றோ 'கோரம்' என்றோ எழுதுவர். ஆயினும் அச்சொல் பிறந்த காலத்தில் அதன்கண் அருவருப்பு இருக்கவில்லை.

கி.பி. 64ஆம் ஆண்டிலே உரோமாபுரியைப் பெருந்தீ எரித்தது. அதன் பின்னர் நீரோ மன்னன் அங்குப் பொன்மாளிகை ஒன்றை எழுப்பினான். அவனுக்குப் பின் வந்தோர் அதனை மண்ணிட்டு நிரப்பி, மேலே வேறு கட்டடங்களை அமைத்தனர். 1480ஆம் ஆண்டளவில் அவ்வறைகள் மீண்டும் வெளிப்பட்டன. உள்ளே இறங்கிய ஓவியர், கொடியாய்த் தொடங்கி மனிதனாய் முடியும் உருவங்களையும், மலரினின்று தலைநீட்டும் விலங்குகளையும் சுவரிற் கண்டு வியந்தனர். புதையுண்ட அறைகள் குகைபோல் தோன்றியமையால், குகையைக் குறிக்கும் 'குறொத்தா' என்னும் இத்தாலியச் சொல்லின் அடியாக அவ்வோவியங்கள் பெயர் பெற்றன. ரபாயேலும் அவர் மாணாக்கரும் 1519ஆம் ஆண்டளவில் வத்திக்கான் அரண்மனை மாடத்தையே இப்பாணியில் அணிசெய்தனர்.

பெருமைக்குரிய பெயர் பழிச்சொல்லாயது எங்ஙனம்? உலகில் இல்லாதவற்றை வரைதல் தகாது என்று, கி.மு. முதலாம் நூற்றாண்டிலேயே வித்துருவியசு என்னும் கட்டடக்கலை நூலார் இத்தகைய ஓவியங்களைக் கடிந்திருந்தார். பிற்காலத்தில் அளவொழுங்கே அழகு எனக் கொண்டோர் அக்கொள்கையையே போற்றினர். பதினேழாம் பதினெட்டாம் நூற்றாண்டுகளில் சொல்லின் பொருள் இழிவை நோக்கிச் சாய்ந்தது. ஓவியம் மாறவில்லை, பார்ப்போர் கண் மாறிற்று.

அக்கண் பிறர் கலையை நோக்கியபோது இன்னும் கடுமையாயிற்று. ஓவியர் குகைச் சித்திரங்களைக் கொண்டாடிய அதே உரோமாபுரியில், 1510ஆம் ஆண்டு, வர்தேமா என்னும் பயணியின் நூல் அச்சேறியது. கோழிக்கோட்டு அரசன் வழிபட்ட திருவுருவை அந்நூல் பேயென்றே வருணித்தது. தம் மாடத்திற் கலப்புருவம் அணியாயிற்று. பிறர் கோயிலில் அது பேயாயிற்று.

இதனை மன்னார் மக்கள் எளிதில் உணர்வர். உப்புக்குளத்திலிருந்து பாலங்கடந்து மாந்தைப் பக்கஞ் சென்றால் திருக்கேதீச்சரம் உள்ளது. கேது வழிபட்ட தலமாதலின் அப்பெயர் வந்தது என்பது ஐதிகம். தென்னாட்டுச் சிற்பத்திற் கேதுவுக்குப் பாம்பின் தலை, மனிதனின் உடல். சம்பந்தரும் சுந்தரரும் பாடிய தலத்தின் பெயரிலேயே ஒரு கலப்புருவம் நிலைபெற்றிருக்கிறது. யானையின் துதிக்கையும் சிங்கத்தின் உடலும் கொண்ட யாளியும், மீன்வால் படைத்த மகரமும் நம் கோயில்களிற் காணப்படுவன. அவற்றை எவரும் அருவருப்பதில்லை. காவலென்றும் மங்கலமென்றும் கொள்வர்.

'விகாரம்' என்னும் சொல்லும் இவ்வாறே இரு பொருள் தாங்குவது. அழகின்மையை அது குறிக்கும். இலக்கணத்திலோ வெறும் மாறுதலைக் குறிக்கும். பொன்னும் குடமும் புணர்ந்து பொற்குடம் ஆவது விகாரப் புணர்ச்சி. அங்கே குற்றம் யாதுமில்லை. இரண்டு சேர்ந்தபோது ஒன்று திரிந்தது, அவ்வளவே.

ஆதலின், ஆங்கிலேயர் நூலொன்றில் நம் சிற்பங்கள் இச்சொல்லாற் சுட்டப்படும்போது, அதனைப் பெயர்ப்போர் உடனே 'கோரம்' என்று எழுதிவிடலாகாது. எழுதியவர் எக்காலத்தவர், குகை ஓவியரின் வியப்பு அவரிடத்து இருந்ததா, பிற்காலத்தாரின் வெறுப்பு இருந்ததா என்று ஆராய்ந்த பின்னரே சொல்லைத் தேர்தல் வேண்டும். இன்றேல் பிறர் நம்மீது வைத்த பழியை நாமே நம் மொழியிற் பதித்தவராவோம்.