வயல்வெளிக்கு வந்த வெளிச்சம்: கிறிஸ்துமஸும் பஞ்சமி நிலமும்

டிசம்பர் பிறந்துவிட்டால் பல்லாவரம் முதல் செங்கல்பட்டு வரை வீட்டுக்கு வீடு நட்சத்திர விளக்குத் தொங்கும். ஆலயங்களில் இருளை ஒளி வென்ற கதை பிரசங்கமாகும். ஆனால் அந்த இருள் எது, யாருடைய வாழ்க்கையில் கவிந்திருந்தது என்று பெரும்பாலும் யாரும் சொல்வதில்லை.

லூக்கா எழுதிய நற்செய்தியைக் கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள். பேரரசன் குடிமதிப்பு எழுத உத்தரவிடுகிறான். பெயரைப் பதியப் போன ஏழைத் தம்பதிக்குத் தங்க இடமில்லை. பிள்ளை தீவனத் தொட்டியில் கிடத்தப்படுகிறது. வெளிச்சம் முதலில் வருவது அரண்மனைக்கு அல்ல, இரவில் வயல்வெளியில் மந்தை காத்துக்கொண்டிருந்தவர்களிடம். அரசாங்கப் பதிவேடு, இடமில்லாத குடும்பம், இரவிலும் உழைக்கும் மக்கள். இந்த மூன்றும் நம் மாவட்டத்துக்குப் புதியவை அல்ல.

1890-களில் தாம்பரம், வண்டலூர் பகுதிகள் எல்லாம் செங்கல்பட்டு ஜில்லாவில் இருந்தன. கிராம நிலம் மிராசுதார்கள் கையில் இருந்தது. அவர்களில் பெரும்பாலோர் பிராமண, வேளாளக் குடும்பத்தினர். நம் மக்கள் அந்த நிலத்தில் படியாட்கள். கல்யாணத்துக்கு வாங்கிய சிறு கடன் ஒரு மனிதனை ஆயுள் முழுக்கக் கட்டிப்போட்டது. தரிசு நிலம் கேட்டுத் தர்க்காஸ்து மனு போட்டால், முதல் உரிமை மிராசுதாருக்கே. கூலிக்காரன் சொந்தக் காலில் நின்றுவிடக் கூடாது என்பதற்காகவே, பயிரிடாத நிலத்தையும் அவர்கள் தங்கள் பெயரில் எழுதி வாங்கினார்கள். சேரியில் குடிசை நின்ற மனைகூட மிராசுதாருடையது என்றே சொல்லப்பட்டது. எதிர்த்துப் பேசினால் குடிசையைப் பிரித்துக்கொண்டு கிளம்ப வேண்டியதுதான்.

அந்தக் காலத்தில் சேரிகளிலிருந்து ஆட்கள் கூட்டமாக மிஷனரிகளைத் தேடிப் போனார்கள். வேதம் கேட்க மட்டும் போகவில்லை. மனைக்கும் நிலத்துக்கும் மனு எழுதித் தர ஒரு துணை வேண்டியிருந்தது. செங்கல்பட்டில் ஸ்காட்லாந்து மிஷனைச் சேர்ந்த ஆடம் ஆண்ட்ரூவும், திருவள்ளூரில் வெஸ்லியன் மிஷனைச் சேர்ந்த வில்லியம் கௌடியும் அந்தக் குறைகளை அரசாங்கத்தின் முன் வைத்தார்கள். செங்கல்பட்டு கலெக்டர் திரெமென்ஹீர் 1891-ல் பறையர் நிலை குறித்து அறிக்கை எழுதினார். மிராசு உரிமையில் கைவைக்க அரசுக்குத் துணிவில்லை. அவர் பரிந்துரைத்தவற்றில் பல நிறைவேறவில்லை. ஆனாலும் 1892 செப்டம்பர் 30 தேதியிட்ட அரசாணை எண் 1010 வந்தது. தாழ்த்தப்பட்டோருக்கென்று தரிசு நிலம் ஒதுக்க வழி திறந்தது. பத்து ஆண்டுகளுக்கு அதை விற்கக் கூடாது. அதற்குப் பிறகும் தாழ்த்தப்பட்டோர் அல்லாதவருக்குக் கைமாற்றக் கூடாது என்ற நிபந்தனையோடு அந்நிலங்கள் தரப்பட்டன. அதைத்தான் பஞ்சமி நிலம் என்கிறோம். சென்னை மாகாணம் முழுவதும் சுமார் 12 லட்சம் ஏக்கர் என்பது நம் இயக்கங்கள் நெடுங்காலமாகச் சொல்லிவரும் கணக்கு.

இதை வெள்ளைக்காரர் கருணை என்று மட்டும் படித்தால் வரலாறு பாதிதான் தெரியும். அதே ஆண்டுகளில் இதே ஜில்லாவில் பிறந்த இரட்டைமலை சீனிவாசன் மக்களைத் திரட்டிக்கொண்டிருந்தார். 1893-ல் 'பறையன்' என்ற பெயரிலேயே பத்திரிகை தொடங்கினார். இழிவாகச் சொல்லப்பட்ட பெயரைத் தலைப்பில் போட்டு வெளியே வந்ததும் ஒரு வெளிச்சம்தான்.

நிபந்தனை இருந்தும் நிலம் நிற்கவில்லை. கடனுக்கும் மிரட்டலுக்கும் போலிப் பத்திரத்துக்கும் ஏக்கர் ஏக்கராகக் கைமாறியது. 1994-ல் காரணை கிராமத்தில் பஞ்சமி நிலத்தை மீட்கப் போராடிய மக்கள் அங்கே அம்பேத்கர் சிலையை நிறுவினார்கள். சிலை அகற்றப்பட்டது. அக்டோபர் 10 அன்று செங்கல்பட்டில் நீதி கேட்டுத் திரண்டவர்கள் மீது போலீஸ் சுட்டது. ஜான் தாமஸ், ஏழுமலை இருவரும் உயிரிழந்தார்கள். வெளிச்சம் இருளை வெல்லும் என்று பாடும்போது இந்த இரண்டு பெயரும் நம் நினைவில் வர வேண்டும்.

திருச்சபையும் இதைக் கேட்க வேண்டும். ஒருகாலத்தில் சேரிக்காக மனு எழுதிய சபைகளில் இன்றும் சாதிவாரியாகக் கல்லறை பிரித்திருக்கும் ஊர்கள் உண்டு. 1950 குடியரசுத் தலைவர் ஆணை, தலித் கிறிஸ்தவரைப் பட்டியலினத்துக்கு வெளியே நிறுத்தியது. அந்த ஆணை 1956-ல் சீக்கியருக்காகவும் 1990-ல் பௌத்தருக்காகவும் திருத்தப்பட்டது. கிறிஸ்தவருக்கு அந்தக் கதவு திறக்கவில்லை. வெளியே பாகுபாடு, உள்ளேயும் பாகுபாடு. இதைப் பேசாத கிறிஸ்துமஸ் செய்தி பாதிச் செய்திதான்.

இன்று ஜி.எஸ்.டி. சாலையின் இருபுறமும் மனைப்பிரிவுகளும் அடுக்குமாடிகளும் எழும்பிவிட்டன. ஒரு சென்ட் நிலம் கூலிக் குடும்பத்துக்கு எட்டாத விலை. இந்த மண்ணில் எந்த சர்வே எண் பஞ்சமி நிலமாக இருந்தது என்று கேட்பது இப்போது இன்னும் அவசியம். விடுமுறைக்கு ஊருக்குப் போகும் மாணவர்கள் இரண்டு வேலை செய்யலாம். ஊர்ப் பெரியவர்களிடம் உட்கார்ந்து எந்த நிலம் யாரிடம் இருந்தது, எப்படிக் கைமாறியது என்று கேட்டு எழுதுங்கள். பிறகு, தகவல் உரிமைச் சட்டத்தில் தாலுகா அலுவலகத்துக்கு மனு போட்டு, உங்கள் கிராமத்தின் 'அ' பதிவேட்டின் நகலைப் பழையதும் புதியதுமாகக் கேளுங்கள். நிபந்தனை நிலம் என்ற குறிப்பு பழையதில் இருந்து புதியதில் காணாமல் போயிருந்தால், அங்கிருந்து தொடங்கலாம். அன்று நம் முன்னோர்க்கு மனு எழுத இன்னொருவர் வேண்டியிருந்தது. இன்று பேனா உங்கள் கையில் இருக்கிறது.